வயிற்றுக்குச் சூடு, காலுக்குக் காற்று

போன வருஷம் என் நெஞ்சில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. எண்பது தாண்டிய உடம்பு, வேறென்ன செய்யும். மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுக்கத் தயாரானார்கள். அந்த டாக்டருக்கு என் பேரன் வயசுதான் இருக்கும். குனிந்து காதருகே சொன்னார்: "பாட்டி, ரத்தம் போகாம இருந்த இடத்துல திடீர்னு ரத்தத்தை விட்டா, குழாயோட உள்தோலுக்கு அடிபடும். அடைப்பும் கெடுதல் பண்ணும், திறக்கிறதும் கெடுதல் பண்ணும். அதனால மெதுவாத்தான் செய்வோம். பயப்படாதீங்க."

நான் சிரித்துவிட்டேன். மேசையில் படுத்துக்கொண்டு கிழவி சிரிக்கிறாளே, மூளைக்கும் ரத்தம் போகவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். "இதை எனக்கு முதல்ல சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர், டாக்டர். அப்போ உங்க அப்பாவே பிறந்திருக்க மாட்டார்" என்று ஆரம்பித்தேன். "அப்புறம் சொல்லுங்க பாட்டி" என்று வாயை அடைத்துவிட்டார். வேலை நடக்கிற இடத்தில் நோயாளி கதை அளக்கக்கூடாது என்று நானே எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். பேசாமல் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்க அவருக்கு எங்கே நேரம். ஓய்வுபெற்ற நர்சுகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் இப்போது வந்து நிற்கிறார்கள். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் வெட்டினார், அம்மா களை வெட்டினாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கன்னியாஸ்திரீகளின் ஆங்கிலப் பள்ளிக்கு நான் போய்ச் சேர்ந்தது தனிக் கதை. நர்ஸ் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருஷமும் திட்டு வாங்கினேன். விரிப்பில் சுருக்கம் இருந்தால் திட்டு, தொப்பி கோணலாக இருந்தால் திட்டு, சிரித்தால் அதற்கும் திட்டு. திட்டியவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் இல்லாவிட்டால் நான் ஆளாகியிருக்க மாட்டேன்.

பயிற்சி முடிந்ததும் மலாக்காவுக்கு அனுப்பினார்கள். காஜா பேராங்கில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். பக்கத்திலேயே செட்டிகளின் கம்பம், அதாவது அவர்களுடைய குடியிருப்பு. முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பெண் நெற்றி நிறைய விபூதியோடு நின்றுகொண்டிருந்தார். "என்னக்கா, பூசை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். அவர் மலாயில் பதில் சொன்னார். புதுசாக வந்தவளைக் கேலி செய்கிறாராக்கும் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, இவர்களுடைய முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே வந்து இங்கேயே கலந்துவிட்டவர்கள் என்று. சாமி நம்ம சாமி, பேச்சு மலாய், உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். அன்றைக்கு எனக்குப் பதில் சொன்னவர்தான் லெட்சுமி அக்கா.

அவருக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராஜு என்ற ஒரே தம்பியை வளர்த்து ஆளாக்கி, ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலையில் உட்காரவைத்து, நீலா என்ற பெண்ணைக் கட்டிவைத்திருந்தார். வீட்டில் அக்கா கிழித்த கோட்டை ராஜு தாண்ட மாட்டார். என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார் லெட்சுமி அக்கா. அந்தக் காலத்தில் மலாயா முழுக்க நர்சுகளுக்கு அதுதான் பெயர். கறி வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கும் வரும்.

இனி அந்த வெள்ளைக்காரர், எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி. அவர் பெயரை எழுத மாட்டேன். புகழ்ந்தால் கூச்சப்படுகிற மனிதர், செத்த பிறகு எதற்கு அவரைச் சங்கடப்படுத்த வேண்டும். நாங்கள் வைத்த பெயர் பெலான் துவான். துவான் என்றால் துரை. மலாயில் மெதுவாக என்பதற்கு பெலான்-பெலான் என்று சொல்வார்கள். அவருக்குத் தெரிந்த மலாயில் பாதி அதுதான். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடமும் பெலான்-பெலான், கட்டுப் பிரிக்கிற என்னிடமும் பெலான்-பெலான், அலறுகிற நோயாளியிடமும் அதே. நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். சண்டையின்போது ஜப்பான்காரனிடம் கைதியாகிச் சயாமில் ரயில் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்.

மற்ற டாக்டர்கள் கோபம் வந்தால் கத்தரிக்கோலை விட்டெறிவார்கள். இவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அவர் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். அதற்கு அந்தக் கத்தரிக்கோலே தேவலாம் என்று இருக்கும் எங்களுக்கு.

ரத்தக்குழாயில் கை வைக்கிற நாள் என்றால் எனக்கு முந்தின நாளே வேலை ஆரம்பித்துவிடும். குழாயை இடுக்கிப் பிடிக்கிற கிளாம்பின் இரண்டு தாடைகளுக்கும் மெல்லிய ரப்பர் குழாயை வெட்டிச் சட்டை போடவேண்டும். பிறகு கொதிக்கவைக்க வேண்டும். ஆபரேஷன் அன்று அவர் கை கழுவப் போகும் முன் ஒரு கிளாம்பை எடுத்துத் தன் சுண்டுவிரல் ஓரத்துத் தோலில் கடிக்கவிட்டுப் பார்ப்பார். வலித்தால் தலையை ஆட்டுவார், நான் வேறு ரப்பர் வெட்டுவேன். வலிக்காவிட்டால் அது திரும்பவும் கொதிநீருக்குப் போகும். "எனக்கு வலித்தால் அவர்களுக்கும் வலிக்கும், நர்ஸ்" என்பார். எதையும் தன் உடம்பில் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் உடம்பில் வைப்பார்.

நாடு சுதந்திரம் வாங்கப் போகிற வருஷம். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடைக்காரர்கள் கொடிக்குத் துணி வெட்டிக் கொடுத்து மாளவில்லை. அந்த நேரத்தில் நீலாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயம் பழுதான உடம்பு அவளுக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிரசவம் நல்லபடியாக முடிந்ததே பெரிய விஷயம் என்று நானும் போய்க் குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்துவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் நீலாவுக்கு இடது கால் திடீரென்று வலித்திருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் புகுந்துவிட்டது என்று லெட்சுமி அக்கா எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்திருக்கிறார். தேய்க்கத் தேய்க்க வலி கூடியது. கால் வெளுத்தது, பிறகு சில்லிட்டது. மத்தியானம்தான் ராஜு அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். துணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு கால் மனிதக் கால், இன்னொன்று மெழுகு.

பெரிய டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று விரலால் தொடை இடுக்கில் தொட்டார், முழங்காலுக்குப் பின்னால் தொட்டார், கணுக்காலில் தொட்டார். எங்கேயும் துடிப்பு இல்லை. புறங்கையை மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்து, குளிர ஆரம்பிக்கிற இடத்தில் மையால் ஒரு கோடு போட்டார். இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப்போய்த் தொடைக்குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். எடுக்காவிட்டால் கால் போகும். காலோடு நிற்காமல் ஆளே போகலாம். ராஜு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையை அசைத்ததும் கையெழுத்துப் போட்டார்.

இதயம் பழுதான உடம்புக்கு முழு மயக்கம் கொடுக்கப் பயந்து, தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ஆரம்பித்தார். நீலா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கருவிகள் எடுத்துக் கொடுத்தேன். குழாயை அவர் இடுக்கியால் கிள்ளியெடுக்கவில்லை. உப்புநீரில் நனைத்த பருத்தி நாடாவை அடியில் விட்டு, தொட்டிலில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். கிளாம்பைப் போட்டுக் குழாயில் சின்னதாக ஒரு வாய் திறந்தார். கட்டி வெளியே வந்தது, அட்டைப்பூச்சி மாதிரி கறுப்பாக, வழவழவென்று. கீழே மிச்சம் ஏதும் நிற்காமல் இருக்கக் காலைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி ரப்பர்ப் பட்டையால் சுற்றி, இன்னும் கொஞ்சம் வரவழைத்தார். என்னை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். குழாயின் உட்புறம் ஈரமாகப் பளபளத்தது. "அந்தப் பளபளப்பை என் கையோ உன் கையோ கீறக்கூடாது. அதில் கீறல் விழுந்தால் ரத்தம் அங்கேயே மறுபடி உறையும்" என்றார்.

தைத்து முடித்ததும் கிளாம்பை எடுத்துவிடுவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை. துளியளவு தளர்த்தினார், நீலாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். மறுபடி இறுக்கினார். எனக்கோ பொறுமை கிடையாது. அடைப்புதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த நாடகம் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு நின்றேன். கடைசியில் கிளாம்ப் என் கைக்கு வந்தது. கணுக்காலில் விரல் வைத்தேன். துடித்தது. முகமூடிக்குள்ளேயே என் பல்லெல்லாம் தெரிந்திருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. கை கழுவும்போது, "சந்தோஷப்படாதே நர்ஸ். ஆபத்து இப்போதுதான் ஆரம்பம்" என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தக் கால் காலையிலிருந்து பட்டினி. குழாயின் உள்தோலும் பட்டினி. சயாமில் சண்டை முடிந்ததும் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. பெட்டி பெட்டியாக வந்தது. பசியில் சாகாதவர்கள் சிலர் அதைச் சாப்பிட்டுச் செத்தார்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சித்தப்பாவையும் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவருக்கு அம்மா ஆசை ஆசையாகச் சோறு வடித்துக் கோழியடித்துப் போட்டாள். இரண்டாம் நாளே போய்விட்டார். போட்ட சோறே கொன்றுவிட்டதே என்று அம்மா அழுதது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னேன். அவர் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வார்டில் அவர் உத்தரவு போட்டார். காலை உயர்த்தக்கூடாது, தொங்கவிடவும் கூடாது. போர்வை கூடாது, வெந்நீர்ப் பை கூடாது, தேய்க்கவே கூடாது. கால்மேல் கம்பிக் கூடு வைத்துத் திறந்துபோட்டு, காற்றாடி ஓடவேண்டும். சூடு பட்டால் காலின் பசி கூடும், அதைத் தாங்குகிற அளவு ரத்தத்தை அந்த நொந்த குழாய்கள் கொண்டுபோக முடியாது. அவை கசிந்து கால் உள்ளுக்குள்ளேயே வீங்கும். கெண்டைக்கால் கெட்டிப்பட்டாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் இறங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும். நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்கு எதையெல்லாம் செய்யக்கூடாதோ, அத்தனையும் அந்த உத்தரவில் இருந்தது. மலாய்க்காரர்கள் இதைப் பந்தாங் என்பார்கள், செட்டி வீடுகளிலும் அப்படியே. பிரசவத்துக்குப் பிறகு உடம்பில் காற்றுப் படக்கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும், எப்போதும் கதகதப்பாக இருக்கவேண்டும். துங்கு என்று ஒரு கல் உண்டு. அதை அடுப்பில் சுட்டு, நுணா இலையில் பொதிந்து, துணியில் சுற்றி உடம்புக்கு ஒற்றடம் கொடுப்பார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வந்தார் லெட்சுமி அக்கா. காற்றாடிக்குக் கீழே நீலாவின் கால் அம்மணமாகக் கிடப்பதைப் பார்த்தார். "மிஸ்ஸி, காற்றுப் புகுந்துவிடும்" என்று போர்வையை இழுத்தார். நான் உருவினேன். அவர் மறுபடி போர்த்தினார். நான் டாக்டர் உத்தரவு என்று சட்டம் பேசினேன். அவர் போர்வையை விட்டுவிட்டு இறங்கிப் போனார். சரி, அடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பார்வையாளர் நேரம் முடிவதற்குள் டிரைஷா வண்டி பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த எனக்கு வெந்த இலை வாசம் மூக்கில் ஏறியது. திரும்பினால், கம்பிக் கூட்டுக்குள் அக்காவின் கை, கையில் துணி சுற்றிய துங்கு. பாய்ந்துபோய் மணிக்கட்டைப் பிடித்தேன். கல் காலில் படுவதற்கு ஒரு சாண்தான் பாக்கி. அந்தக் காலுக்கு உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. வெந்துபோனாலும் நீலாவுக்குத் தெரிந்திருக்காது.

"உங்களுக்கு மூளை இருக்காக்கா? காலைக் கொல்லப் பார்க்கறீங்களா?" என்று நான் தமிழில் கத்தினேன். அவர் மலாயில் கத்தினார். வார்டே எழுந்து உட்கார்ந்தது. திடீரென்று அவர் குரல் உடைந்தது. "ராஜுவைப் பெற்ற பிறகு என் அம்மாவை இப்படித்தான் ஈரத்தில், காற்றில் போட்டுவிட்டார்கள். குளிர்ந்துபோய்ச் செத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவளையும் பார்க்க மாட்டேன்" என்றார். பிறகு, கூட வந்து நின்ற ராஜுவிடம் திரும்பி, "எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவோம்" என்றார். ராஜு என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரி காக்" என்றார். காக் என்றால் மலாயில் அக்கா.

வீட்டுக்குப் போனால் துங்குதான், எண்ணெய்தான், போர்வைதான். நீலாவைத் திரும்பப் பார்ப்பது நிச்சயமில்லை. பிறந்த பிள்ளைக்குத் தாய் வேண்டாமா. அக்காவிடமிருந்து பறித்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அட்டெண்டரைப் பெரிய டாக்டரிடம் ஓடவிட்டேன். எங்கள் வார்டு சிஸ்டர் முகம் சிவக்க வந்து, அந்த அழுக்குக் கல்லை முதலில் வெளியே எறி என்றார். ஏனோ நான் எறியவில்லை.

பெரிய டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரையும் அதட்டவில்லை. "அவர் என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார். அக்காவின் அம்மா செத்தது வரை எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். கேட்டுவிட்டுக் கையை நீட்டினார். கல்லைக் கொடுத்தேன். சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, உள்கையின் வெளுத்த தோலில் கல்லை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல சூடு, ஆனால் கொஞ்சம் அதிகம். இன்னொரு சுற்றுத் துணி வேண்டும்" என்றார். பிறகு அந்தக் கல்லை நீலாவின் வயிற்றின்மேல் தன் கையாலேயே வைத்தார். "இங்கே வைக்கலாம். வயிறு கதகதப்பாக இருந்தால் காலின் குழாய்கள் பயம் விட்டு விரியும். எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இப்படிச் செய்வதுண்டு, எங்களிடம் கல் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் காலில் வேண்டாம். கால் பட்டினி கிடந்து எழுந்திருக்கிறது. அதை அவசரப்படுத்தாதீர்கள். பெலான்-பெலான்."

நான் மொழிபெயர்த்தேன். அதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலேயே என் சித்தப்பா கதையையும் அம்மா போட்ட சோற்றையும் அக்காவுக்கு மலாயில் சொன்னேன். கத்தாமல் சொன்னேன். அவர் நீலாவின் வயிற்றையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணீர்?" என்று கேட்டார். "வெந்நீராகவே கொடுங்கள், நிறையக் கொடுங்கள்" என்றார் டாக்டர். அக்கா ராஜுவின் கையிலிருந்த குடையை வாங்கிக் கட்டிலில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான்.

சுட்ட கல்லை வயிற்றில் வைக்கலாம், உள்கையில் பார்த்துவிட்டு வைக்கவேண்டும், இந்த அம்மாள் கூடவே இருக்கலாம் என்று டாக்டர் தன் கையாலேயே உத்தரவு எழுதினார். அதைப் படித்து சிஸ்டரின் மூக்கு விடைத்தது. ஆனாலும் அவரைச் சும்மா சொல்லக்கூடாது. வார்டுச் சமையல்கட்டில் கல் சுட ஒரு அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு அந்தக் காலுக்கு லெட்சுமி அக்காதான் காவல். பயிற்சி நர்ஸ் ஒருத்தி பாவமென்று போர்வை கொண்டுவந்தாள், அவளை விரட்டினார். ராஜு ஆசையாகக் காலைத் தடவப் போனார், அவர் கையில் அக்கா ஒரு அடி கொடுத்தார். "காலுக்குக் காற்று, வயிற்றுக்குச் சூடு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம். டாக்டர் மாதிரியே சட்டைக்கையைச் சுருட்டி, உள்கையில் கல்லை வைத்து, கண்ணைக்கூட அவர் மாதிரியே மூடிக்கொள்வார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். இரண்டு கெண்டைக்காலையும் லேசாக அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கல் சண்டை நடந்த மறுநாள் மத்தியானம், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். "மிஸ்ஸி, இது பலகை மாதிரி இருக்கிறது" என்றார் அக்கா, கெண்டைக்காலில் கை வைத்தபடி. தொட்டேன். பலகையேதான். நீலா விரலை அசைக்கச் சொன்னால் அழுதாள். பையில் இறங்கிய சிறுநீரும் கறுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

உள்ளே வீங்கிய சதைக்கு விரிய இடமில்லை என்றார். கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் தோலையும் அடியில் இருக்கிற உறையையும் நீளமாகக் கீறித் திறக்கவேண்டும். செய்யாவிட்டால், திரும்பி வந்த ரத்தமே அந்தக் காலை நெரித்துவிடும். உறைதலைத் தடுக்க மருந்து ஓடுகிற உடம்பு, ரத்தப்போக்கு இருக்கும். காப்பாற்ற முடியும் என்று சத்தியம் செய்ய முடியாது. ராஜு கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டார். பிள்ளை பெற்ற உடம்பை இரண்டாம் தரம் கீறுவதா. இந்த முறை அக்கா விடமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

லெட்சுமி அக்கா டாக்டரின் உள்கையைப் பார்த்தார். கல் வைத்த இடத்தில் இன்னும் ஒரு சிவந்த தடம் இருந்தது. "என் கல்லை அவர் தன் கையில் வைத்துப் பார்த்தார். அவர் கத்தியை நான் நம்புகிறேன். போடு கையெழுத்து" என்று தம்பியிடம் சொன்னார்.

டாக்டர் கீறியதும் சதை பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் மங்கலாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. அவர் இடுக்கியால் லேசாகத் தொட்டதும் சுருங்கியது. "உயிர் இருக்கிறது" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் என்றைக்கும் இல்லாமல் கொஞ்சம் உயர்ந்தது.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் கட்டுதான். உப்புநீரில் நனைத்த துணியை நான் பிரிப்பேன், அக்கா நீலாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். சிறுநீர் தெளிந்தது. வீக்கம் வற்றியதும் தொடைத்தோலை எடுத்து மூடினார் டாக்டர். சுதந்திரக் கொடியேற்றம் நடந்த நாளில் நீலா இரண்டு காலாலும் நின்றாள். பாதத்தின் ஓரம் கடைசிவரை மரத்தே இருந்தது. லேசாகச் சாய்ந்துதான் நடப்பாள். ஆனால் நடந்தாள், கோயிலுக்கும் சந்தைக்கும், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவும். பழுதான இதயத்தோடு அவள் வாழ்ந்தது நாங்கள் யாரும் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

பெரிய டாக்டர் கொஞ்ச காலத்தில் சொந்த நாட்டுக்குக் கிளம்பினார். வழியனுப்பும் தேத்தண்ணி விருந்தில் பெரிய மனிதர்கள் வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். லெட்சுமி அக்கா ஒரு துணி மூட்டை கொடுத்தார். பிரித்தால் அந்தத் துங்குக் கல். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூட்டையை மறுபடி கட்டி, கோட்டுப் பையில் ஒரு பக்கம் தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் நான் மிச்ச வருஷங்கள் எல்லாம் சோறு சாப்பிட்டேன். நேரில் நின்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் அது பிடித்திருக்காது. இந்தக் காகிதத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது என் நெஞ்சுக் கதைக்கு வருகிறேன். அடைப்பை எடுத்த மறுநாள், பனிக்கட்டி மாதிரி குளிர்கிற அறையில் பல் தந்தியடிக்கப் படுத்திருந்தேன். லெட்சுமி அக்கா போய்ப் பல வருஷமாகிவிட்டது, நீலாவும் போய்விட்டாள். நான் கன்னத்தில் மை வைத்த அந்தக் குழந்தை, சரோஜா, அறுபது தாண்டியவள், என்னைப் பார்க்க வந்தாள். இன்னும் காஜா பேராங்கில்தான் இருக்கிறாள். ஒரு வார்த்தை தமிழ் வராது.

பையிலிருந்து ஒரு வெந்நீர்ப் பையை எடுத்தாள். அது பூத்துண்டில் சுற்றியிருந்தது. நர்சிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். கட்டிலருகே வந்து, கெபாயாக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, பையை உள்கையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் கண்ணை மூடறே?" என்று மலாயில் கேட்டேன்.

"தெரியாது மிஸ்ஸி. லெட்சுமி அத்தை இப்படித்தான் செய்யும். இப்படித்தான் செய்யணும்னு சொல்லும்" என்றாள். கண்ணைத் திறந்து, துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி, என் வயிற்றின்மேல் வைத்தாள். போர்வையை இழுத்து நெஞ்சு வரை போர்த்திவிட்டாள். கால் பக்கம் மட்டும் திறந்தே விட்டாள்.